ரஷ்ய ராணுவ ஆய்வு ஆபத்தில்லாத வேலையா?
ரஷ்ய ராணுவத்தை ஆராய்பவர்கள் வெளிப்படையாகக் கிடைக்கும் தகவல்களை மட்டுமே கையாள்வதால் இது 'ஆபத்தில்லாத மேசை வேலை' என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வாஷிங்டனிலோ லண்டனிலோ உட்கார்ந்து எழுதுபவருக்கு அது பொருந்தலாம். ஈகோர் சுத்யாகினுக்குப் பொருந்தவில்லையே! மாஸ்கோவில், அமெரிக்காவையும் கனடாவையும் பற்றி ஆராயும் ரஷ்ய நிறுவனத்தில் அணு ஆயுதங்களைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். 1999 அக்டோபரில் கைதானார். ரகசிய ஆவணங்களைப் பார்க்கும் அனுமதியே தனக்குக் கிடையாது, பத்திரிகைகளில் வந்ததைத்தான் தொகுத்து ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்குக் கொடுத்தேன் என்று வாதாடினார். எடுபடவில்லை. 2004இல் தேசத்துரோகம் என்று 15 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 2010 ஜூலையில் உளவாளிகள் பரிமாற்றத்தில் விடுவித்தபோதுகூட, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகே வியன்னாவுக்கு விமானம் ஏற்றினார்கள். அத்தனை ஆண்டுகளாகத் தான் நிரபராதி என்று சொல்லிவந்த மனிதரிடம்! பிறகு லண்டனில் ஓர் ஆய்வு மையத்தில் சேர்ந்து அதே ரஷ்யப் படைகளைப் பற்றித்தான் எழுதினார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் 'அதெல்லாம் பழைய காலம்' என்கிறார். 2021இல் ரஷ்யப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்பி வெளியிட்ட பட்டியலை அவர் பார்க்க வேண்டும். அதில் இருப்பவை ரகசியம் அல்லாத தகவல்களே. ஆனாலும் படையினரின் மனநிலை, ராணுவக் கொள்முதல் போன்றவற்றைத் திரட்டுபவர்மீது 'வெளிநாட்டு முகவர்', அதாவது வெளிநாட்டுக்காக இயங்குபவர் என்ற அரசு முத்திரை விழலாம். ஒரு ராணுவ ஆய்வாளர் அன்றாடம் திரட்டுவதே இவற்றைத்தானே?