வட்டம் போட்டால் மிச்சம் வயல்காடு

டாஸ்மாக் பற்றி எதை எழுதினாலும் கீழே இரண்டே விதமான பதில்தான் வரும். எல்லாக் கடையையும் இழுத்து மூடு என்பது ஒன்று. குடிக்கிறவன் குடிச்சிட்டுப் போறான், உனக்கென்ன என்பது இன்னொன்று. நான் எப்போதாவது குடிப்பவன்தான், மறைக்க ஒன்றுமில்லை. மொத்தமாக மூடினால் குடி நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் எனக்குக் கிடையாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கடைகள் திறந்திருந்த காலத்திலேயே அந்த நிலைமை. நான் கேட்பது அதைவிடச் சின்னக் கேள்வி. ஒரு ஊரில் கடை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

மீட்டரை வைத்து. 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலங்களிலிருந்தும் பள்ளி, கல்லூரிகளிலிருந்தும் 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். 1983-இல் ஆரம்பித்ததிலிருந்து மொத்த வியாபாரம் மட்டும் பார்த்துவந்த டாஸ்மாக், தனியாரிடம் இருந்த சில்லறைக் கடைகளை எடுத்துக்கொண்டு தானே விற்க ஆரம்பித்ததும் அதே 2003 நவம்பரில்தான். அப்புறம் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது. 2017 மார்ச் 31-இல் அதைக் கொஞ்சம் திருத்தி, 20,000 பேர் வரை வசிக்கும் ஊர்களுக்கு 220 மீட்டர் என்றது. மறுநாளே ஏப்ரல் 1. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இடம் தேட வேண்டியதாயிற்று.

தீர்ப்பின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டி ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவன் தன்னை மட்டுமா கொல்கிறான்? நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலையில் ராத்திரி பஸ்ஸில் போகிற யாருக்கும் அந்தப் பயம் தெரியும். ஆனால் நீதிமன்றம் ஒரு கோடு போட்டது, 2003 விதி ஏற்கெனவே ஒரு வட்டம் போட்டிருந்தது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தவர் யாராவது உண்டா என்பதுதான் என் சந்தேகம்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில். இந்தப் பக்கத்து ஊர்களின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். மெயின் ரோடு, அதை ஒட்டிக் கடைத்தெரு. கடைத்தெருவிலேயே பிள்ளையார் கோயில், நாலு வீடு தள்ளி சர்ச், அதன் பின்னால் பள்ளிக்கூடம், இன்னொரு மூலையில் பள்ளிவாசல். ஒவ்வொன்றையும் சுற்றி 100 மீட்டர் வட்டம் போடுங்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் 220 மீட்டர் அடியுங்கள். வெளிச்சம் இருக்கிற, ஆள் நடமாட்டம் இருக்கிற, போலீஸ் ஜீப் போய்வருகிற இடம் எல்லாம் அடிபட்டுப் போகும். மிச்சம் நிற்பது வயல்காடு. (வயல்காட்டிலும் சுடலைமாடன் நிற்கிறார், இசக்கியம்மன் இருக்கிறாள். ஆனால் அந்தப் பீடங்களை எந்த நாடாவும் அளப்பதில்லை. சுடலைக்கு அதில் வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். கொடைத் திருவிழாவுக்குப் படைக்கிற சரக்கு பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது.)

அப்படித்தான் எங்கள் ஊர்க் கடை கடைத்தெருவிலிருந்து வாய்க்கால் பக்கம் போனது. விதிப்படி பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று தளர்த்தியபோதும் எங்களுக்கு ஒன்றும் மாறவில்லை. நகர்ந்த கடை நகர்ந்த இடத்திலேயே நிற்கிறது. இதில் பெரிய வேடிக்கை, ஊருக்குள் போகும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலை என்று மாற்றிக்கொண்டால் கடையை நகர்த்தவே வேண்டாம் என்று அந்த வருஷம் நடந்த முயற்சி. உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ரோடு அதே ரோடு, லாரி அதே லாரி.

வாய்க்கால் பக்கம் கடை வந்தால் என்ன ஆகும் என்பதைக் கார் போக நெல் நடுகைக்கு வருகிற பெண்களிடம் கேளுங்கள். அணையில் தண்ணீர் திறந்து, கன்னடியன் கால்வாயில் வந்து, வயலைச் சேறாக உழுது தொழி அடித்து முடித்தால் சேற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கால்தான் கண்டுபிடிக்கும். குவார்ட்டர் பாட்டிலை வரப்புக் கல்லில் அடித்து உடைப்பதில் சிலருக்கு என்ன சுகமோ. எங்கள் வயலில் நடுகைக்கு வந்த ஒரு ஆச்சிக்குக் குதிகாலில் கீறி, சேறும் ரத்தமுமாகக் கரையேறி வந்து உட்கார்ந்தார். சேலை முந்தியைக் கிழித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “ஏய்யா, முந்தியெல்லாம் முள்ளுக்குத்தான் பயந்தோம். முள்ளுன்னா ஊசி வச்சு எடுத்துரலாம். இது உள்ளயே நொறுங்கிப் போவுதுல்லா.” அன்றைக்குச் சம்பளம் கொடுத்தோம், ஊசி போடக் கூட்டிப் போனோம். அடுத்த போகமான பிசானத்துக்கு அவர் எங்கள் வயலுக்கு வரவில்லை. வாய்க்காலுக்கு மேற்கே என்றால் வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். கூலி கூட்டிக் கொடுத்தாலும் ஆள் வராத வயல் எங்கள் பக்கம் இப்போது நிறைய இருக்கிறது.

குடிக்கிறவனை மட்டும் திட்டி இதை முடித்துவிட முடியாது. விற்பதற்கு இத்தனை விதி போட்ட அரசு, வாங்கியவன் எங்கே உட்கார்ந்து குடிப்பான் என்பதைப் பற்றி என்ன யோசித்தது? பார் இருக்கிற கடைகள் உண்டு. அந்த பார் டெண்டரை எடுத்துப் படித்துப் பாருங்கள்: தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் உரிமம் என்றுதான் இருக்கும். குடிக்க இடம், காற்று, கழிப்பறை எல்லாம் அதற்குப் பிறகு. பார் இல்லாத கடையென்றால் கம்பிக்குள்ளே கையை நீட்டி வாங்கியவுடன் அரசின் வேலை முடிந்தது. வாங்குகிறவனுக்கு வீட்டில் வைத்துக் குடிக்க முடியாது. அம்மா இருப்பாள், பிள்ளைகள் இருக்கும். ரோட்டில் குடித்தால் கேஸ். அப்புறம் எங்கே போவான்? வாய்க்கால் பாலம், குளத்தங்கரை, தாமிரபரணிப் படித்துறை. வசதியுள்ளவனுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. மனமகிழ் மன்றத்தில் உறுப்பினராகிவிட்டால் ஏசி அறையில் உட்கார்ந்துகொள்ளலாம். கடையை மூடு என்று மறியல் நடக்கிற ஊரிலும் மன்றம் சத்தமில்லாமல் திறந்துவிடும்.

நல்ல விதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022-இல் நீலகிரியில், காட்டில் வீசும் பாட்டிலால் வனவிலங்குகளுக்கு ஆபத்து என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் அழுத்திக் கேட்ட பிறகு, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கடை ஊழியர்களுக்கு அது கூடுதல் தலைவலி, பாட்டிலை அடுக்கி வைக்க இடம் கிடையாது என்பதும் உண்மைதான். ஆனாலும் குடிக்கிறவன் என்ன செய்வான் என்று யோசித்துப் போட்ட விதி என்பதால் அது வேலை செய்தது. யானையின் காலைப் பற்றிக் கவலைப்பட நீதிமன்றம் இருந்தது. நடுகைக்காரர் காலுக்கு அப்படி ஒரு வழக்கும் போடுவாரில்லை.

நேரத்துக்கு வருகிறேன். காலை 10 மணிக்குத் திறந்த கடை, 2016 மே 24-லிருந்து பகல் 12 மணிக்குத் திறக்கிறது, ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் குடிக்காமல் இருக்க முடியாத அளவுக்கு முற்றிப்போனவனை நினைத்துப் பாருங்கள். கை நடுங்கி, வேர்த்து, 12 மணி வரை தாங்க மாட்டான். அவனுக்காகவே முந்தின நாள் ராத்திரி வாங்கி வைத்து விடிகாலையில் பிளாக்கில் விற்க ஆள் இருக்கிறது. எல்லோரையும்விட அதிக விலை கொடுத்து வாங்குகிறவன், வைத்தியம் அதிகம் தேவைப்படுகிற அந்த ஆள்தான். நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இருக்கிறது. கூட்டிப் போக ஆள் இல்லை.

விடுமுறை நாட்களும் இப்படியே. திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. முந்தின நாள் சாயங்காலம் கடை வாசலைப் பார்த்தவர்களுக்கு அந்த விடுமுறையால் யாருக்கு லாபம் என்று தெரியும். நினைத்தால் வரிசையைக்கூட வயது பிரித்து நிறுத்தத் தெரிந்த அரசு இது. 2020 மே 7 அன்று கடை திறந்தபோது 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் முதலில், அப்புறம் நாற்பதுகள், கடைசியில் இளைஞர்கள் என்று நேரம் ஒதுக்கினார்கள். அதன் பிறகு ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 500 டோக்கன். அவ்வளவு நுணுக்கம் முடியுமென்றால், கடைக்குப் பக்கத்து வயல்காரனிடம் ஒரு வார்த்தை கேட்பதும் முடிந்திருக்கும்.

ஏன் கேட்பதில்லை என்பது ரகசியமில்லை. குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அதன் வரி மாநிலத்தின் கையில்தான். மது மூலம் அரசுக்கு வந்தது 2022-23-இல் சுமார் 44,121 கோடி ரூபாய், 2023-24-இல் சுமார் 45,855 கோடி. அந்த இரண்டாவது ஆண்டில்தான், 2023 ஜூன் 22 அன்று, 500 கடைகளை மூடினார்கள். வருமானம் குறையவில்லை, கூடியது. இடையில் விலையையும் ஏற்றினார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன். விற்கிறவரும் விதி போடுகிறவரும் வரி வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, எந்த இடத்தில் விற்றால் ஊருக்குத் தொந்தரவு குறைவு என்ற கேள்வி யார் மேசைக்குப் போகும்?

பனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். திசையன்விளை, உவரிப் பக்கம் பனையேறுகிறவர் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், தடவவில்லையென்றால் கள், கள் என்றால் குற்றம். 1987-லிருந்து இதுதான் நிலைமை. கேரள எல்லையில் புளியரையைத் தாண்டினால் அதே கள்ளுக்குக் கடையும் போர்டும் உண்டு. அங்கே 23 வயது ஆனால்தான் மது வாங்கலாம், இங்கே 21. அங்கே மாதத்தின் முதல் தேதி கடை கிடையாது, அன்றைக்கு செங்கோட்டைப் பக்கம் வரிசையில் மலையாளம் கேட்கும். இவன் கள்ளுக்காக மேற்கே போகிறான், அவன் பிராந்திக்காகக் கிழக்கே வருகிறான். பஸ் முதலாளிகளுக்கு நல்லதுதான்.

சரி, ஊர்க்காரர்களுக்கு என்ன வழி இருக்கிறது? கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற பழைய நான்கு கிராம சபை நாட்களிலும் கடைக்கு லீவு என்பது தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல். தீர்மானத்தை அனுப்பலாம், அதன் பிறகு காத்திருக்கலாம். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய சசிபெருமாள் செத்துப்போனார். அடுத்த ஓரிரு நாளில், அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த கலிங்கப்பட்டியில், தொண்ணூறு வயதைத் தாண்டிய மாரியம்மாள், வைகோவின் தாயார், ஊர்க் கடையை மூடச் சொல்லிப் போராட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு கடையை நகர்த்த இவ்வளவு வேண்டியிருக்கிறது. கொண்டுவந்து வைப்பதற்கு ஒரு நாடா போதும்.

மகாராஷ்டிராவில் வேறு மாதிரி. ஊரில் நான்கில் ஒரு பங்குப் பெண் வாக்காளர்கள் மனு கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாதிக்கு மேல் மூடச் சொன்னால் கடை போய்விடும். வாக்குச்சீட்டில் இரண்டு சின்னம். நிமிர்ந்து நிற்கும் பாட்டில் என்றால் கடை இருக்கட்டும், படுத்த பாட்டில் என்றால் மூடு. அங்கேயும் பிளாக் விற்பனை இருக்கும், பக்கத்து ஊரில் போய் வாங்குவார்கள், எல்லாம் தெரியும். ஆனால் வயலில் இறங்குகிறவருக்கு ஒரு ஓட்டு இருக்கிறது. நம் ஊருக்கு அதில் இன்னொரு சின்னமும் சேர்க்கச் சொல்வேன்: கடை இருக்கட்டும், இடத்தை மாற்று. கோயில் 100 மீட்டருக்குள் வந்தாலும் பரவாயில்லை, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள கடைத்தெருவுக்குக் கொண்டுவா என்று ஊரே சொன்னால் அதற்கும் விதி வளைய வேண்டும். சர்ச்சுக்கு எதிரிலேயா என்று சிலர் கோபப்படுவார்கள். கோபப்படட்டும், வந்து ஓட்டுப் போடட்டும்.

இதை வீட்டில் சொன்னபோது எங்கள் மைனி, “உங்க மூணாவது சின்னத்தை நீங்களே வச்சுக்கிடுங்க கொழுந்தனாரே, என் ஓட்டு படுத்த பாட்டிலுக்குத்தான்” என்றாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.