பழி மட்டும் இன்குபேட்டருக்கா?

பெருவிடை, சிறுவிடை, கிளிமூக்கு என்று நாட்டுக்கோழி அடைமுட்டைகளைப் பார்சலில் வரவழைப்பவர்கள், குஞ்சு பொரியவில்லை என்று விற்றவரிடம் சொன்னால் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் மெஷின் சரியில்லை." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமையே போய்விட்டது. குஞ்சு பொரிக்கும் அதே இன்குபேட்டர் மெஷினில், அதே 37.5 டிகிரி வெப்பத்தில், என் வீட்டுக் கோழிகளின் முட்டைகள் 21ஆம் நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சாக வெளிவருகின்றன. அப்படியிருக்க, விலை கொடுத்து வாங்கிய முட்டைக்கு மட்டும் மெஷின் எப்படிக் கெட்டுப்போகும்?

சென்ற முறை வந்த பெட்டியில் முட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றி, நடுவே கைப்பிடி வைக்கோலைத் திணித்திருந்தார்கள், அவ்வளவுதான் பேக்கிங். இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தால், முட்டையின் அகன்ற முனையில் அசையாமல் நிற்க வேண்டிய காற்றறை, சாய்த்த பக்கமெல்லாம் ரசமட்டக் குமிழி போல ஓடுகிறது. வழியில் குலுங்கியதில் உட்சவ்வு பிரிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்து, முதல் சில நாள்கள் திருப்பாமலே வைத்தும், ஏழாம் நாள் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் ஒரு ரத்த நரம்புகூட ஓடியிருக்கவில்லை.

குலுக்கலாவது பார்சல்காரர் செய்தது என்று வைத்துக்கொள்வோம். வந்த பெட்டியில் விரிசல் விட்டிருந்த ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றினேன். வெள்ளைக்கரு தண்ணீராக ஓடியது. மஞ்சள்கரு தட்டையாகப் படிந்தது. இட்டுப் பல நாள்களாகிவிட்ட முட்டை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஏழு நாள்களைத் தாண்டினாலே பொரிப்புத் திறன் குறையத் தொடங்கும் என்பது கோழி வளர்ப்பவர் அனைவரும் அறிந்ததுதானே! அதைவிடக் கொதிப்பு ஏற்றியது மஞ்சள்கருவின் மேலிருந்த புள்ளி. கருக்கூடிய முட்டையில் அது வளையம் கட்டித் தெரியும். இதிலோ வளையமே இல்லாத சின்ன வெண்புள்ளி. சேவலே சேராத கூமுட்டைக்கு நூற்றுக்கணக்கில் விலை வாங்கிக்கொண்டு, என் மெஷினைக் குறை சொல்கிறார்கள்.

கோடையில் அனுப்புவது இன்னும் பெரிய அநியாயம். அடைமுட்டையைச் சுமார் 15 டிகிரியில் வைத்தால்தான் கரு வளராமல் உறங்கும். தகரக் கூரைக் கிடங்கிலும் மூடிய வண்டியிலும் பகல் முழுக்க வெந்தால் கரு அரைகுறையாக விழித்து வளரத் தொடங்குகிறது. பிறகு சூடு தணிந்ததும் தொடர்ந்து வளர வழியின்றி வலுவிழக்கிறது, பல வேளை செத்தும் போகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் பார்சலில் போட்டுவிட்டு, "எங்களிடமிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது" என்பது எந்த ஊர் நியாயம்?

விற்பவர் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. இட்ட தேதியை ஒவ்வொரு ஓட்டின் மேலும் பென்சிலால் எழுதட்டும். முட்டைக்கு ஒரு குழியாக வெட்டிய ஃபோம் பெட்டியில் அனுப்பட்டும். அதே கோழிக் கூட்டத்தின் முட்டைகளில் இரண்டை உடைத்து, மஞ்சள்கருவின் மேலுள்ள புள்ளியைப் படமெடுத்துக் காட்டட்டும். ஏழாம் நாள் வெறுமையாகத் தெரியும் முட்டைகளின் நட்டத்தில் பாதியையாவது ஏற்கட்டும். இவற்றுக்கு மனமில்லாதவர்கள், அந்த முட்டைகளைச் சமையலுக்கு, சமையல் முட்டை விலைக்கே விற்றுவிட்டுப் போகட்டும்.