அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே லேபிள்

போன ஞாயிறு பெங்களூரு அல்சூர் வீட்டுக்குப் போனபோது அம்மா ஒரு மசாலா ஓட்ஸ் பாக்கெட்டை நீட்டி, "இதுல உப்பு எவ்ளோடா, பாத்துச் சொல்லு" என்றார். அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டு, ஓட்ஸ் நல்லது என்று யாரோ சொன்னதையும் கேட்டு, வாங்கி வந்துவிட்டார்.

பாக்கெட்டின் பின்பக்கம், ஒட்டுப் போட்ட மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். ஊட்டச்சத்துப் பட்டியலில் உப்பு என்ற சொல்லே இல்லை, சோடியம் இத்தனை மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறக்குறைய 1 கிராம் உப்பு. அதுவும் 100 கிராமுக்குப் போட்ட கணக்கு, பாக்கெட்டில் இருப்பதோ வேறு எடை. மளிகைக் கடையில் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை யார் போடுவார்கள்?

சரி, கணக்கை விடுங்கள், மொழி? விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. மற்ற மொழியில் கூடுதலாகப் போடலாம், போடாவிட்டால் கேட்பாரில்லை. எங்கள் அம்மாவுக்கும் படிக்க வராது, எதிர்வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டிக்கும் வராது, ஆனால் இரண்டு பேரும் தினமும் கடைக்குப் போகிறார்கள். படித்துப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்று கமெண்டில் வரப்போகும் நண்பர்கள் இவர்களிடம் வந்து சொல்லட்டும்.

ஆனால் ஒன்று, பச்சைப் புள்ளியை மட்டும் அம்மா எட்டடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். சைவமா அசைவமா என்பதற்கு ஒரு அடையாளம் போட முடிகிறது, அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. அப்புறம் உப்பு, சர்க்கரை, கொழுப்புக்கு மட்டும் ஏன் முடியாது? சிலி நாட்டில் 2016லிருந்து இவை அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோணம் போடுகிறார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022இல் கொண்டுவந்த வரைவு விதியில் இருந்தது அரை ஸ்டார் முதல் ஐந்து ஸ்டார் வரை, ஸ்டார் கூடினால் உடம்புக்கு நல்லது என்று அர்த்தம். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற ஸ்டார் மாதிரி! உப்பு தூக்கலாக இருக்கும் மிக்சருக்கு ஒரு ஸ்டார் கிடைத்தால், "ஒண்ணாவது குடுத்திருக்கான்ல" என்றுதான் எங்கள் வீட்டில் வாங்குவார்கள். அதிலும் நார்ச்சத்து, பருப்பு, பழம் இருந்தால் பாயிண்ட் கூடி, சர்க்கரைக்குக் குறைந்ததை ஈடுகட்டிவிடுமாம். பிரஷர்காரருக்கு நார்ச்சத்தைக் காட்டி உப்பை மறைப்பது என்ன நியாயம்? எனக்கு ஸ்டார் வேண்டாம், கறுப்பாகப் பெரிதாக ஒரு எச்சரிக்கை போதும்.

கணக்குப் போட்டுச் சொன்னதும் அம்மா அந்த ஓட்ஸை அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. நான் கிளம்பும்போது என் பைக்குள் திணித்துவிட்டார், "உனக்குத்தான் பிரஷர் இல்லையே" என்று.