சுவையைப் பற்றிப் பேசாத சுவை விமர்சனங்கள்

எனர்ஜி டிரிங்க்கைக் குடித்துப் பார்த்து வீடியோவில் விமர்சனம் செய்கிறேன் என்று முன்வருபவர்கள், டின்னின் வண்ணத்தையும் அதைத் திறக்கும் சத்தத்தையும் பற்றி வாய் ஓயாமல் பேசிவிட்டு, ஒரு மடக்குக் குடித்த கையோடு 'செம கிக்' என்று தீர்ப்புச் சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குடித்த காஃபீன் இரத்தத்தில் உச்ச அளவை எட்டுவதற்குப் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும் என்னும்போது, முதல் மடக்கிலேயே சோர்வு பறந்துவிட்டது என்று இவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

சுவையையாவது ஒழுங்காகச் சொல்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. நன்றாகக் குளிர்ந்த டின்னில் முதலில் தெரிவது சிட்ரிக் அமிலத்தின் சுரீரென்ற புளிப்பு, அடுத்து இனிப்பு, அதற்கும் பின்னால், தொண்டையில் இறங்கிய பிறகு, இருமல் மருந்தை நினைவூட்டும் ஒரு கசப்பு. குளிர்ச்சி இனிப்பைப் பெருமளவு மறைத்துவிடுவதால், அதே பானத்தை ஒரு டம்ளரில் ஊற்றி, குளிரும் கேஸும் அடங்கும்வரை வைத்திருந்து பருகினால்தான், பல்லில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைப் பாகாக அதன் உண்மையான சுவை வெளியே வரும். இந்தச் சின்னச் சோதனையைக்கூடச் செய்யாதவர் எதற்காக விமர்சிக்க வர வேண்டும்?

பரவலாக விற்கும் 250 மில்லி டின் ஒன்றில் ஏறத்தாழ 27 கிராம் சர்க்கரையும் 80 மில்லிகிராம் காஃபீனும் இருக்கின்றன. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே சொல்கிறது. அந்த அளவு ஒரே டின்னில் தாண்டிவிடுகிறது. ஆனால் லேபிளில் முதலில் இருப்பதோ பெரும்பாலும் 100 மில்லிக்கான கணக்குத்தான், அதுவும் டின்னின் வளைவில், கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில். டின்னைத் திறந்து 100 மில்லியோடு நிறுத்திக்கொள்பவர் யார்? பெருக்கிப் பார்க்கும் வேலையை விமர்சகராவது செய்திருக்கலாம்.

பெரிய எழுத்தில் போட்டிருப்பதனால் டாரின் என்னும் அமினோ அமிலத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். 1827-ல் எருதின் பித்தநீரிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது என்பதைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ கதை கட்டுகிறார்கள். டின்னில் இருப்பது தொழிற்சாலையில் தயாராவது, நம் உடலும் அதைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. விழிப்பைத் தருவது முக்கியமாகக் காஃபீன்தான். அது களைப்பைப் போக்குவதில்லை. களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்து அந்தச் செய்தியைத் தடுக்கிறது. உடலில் காஃபீனின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆவதால், மாலை 6 மணிக்குக் குடித்தவருக்கு இரவு 11 மணிக்கும் பாதி மிச்சமிருக்கும். மறுநாள் காலை எப்படி எழுந்தோம் என்று எந்த விமர்சகர் சொல்லியிருக்கிறார்?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று. லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் சேர்த்த இத்தகைய பானங்களில், குழந்தைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் பெண்களுக்கும் உகந்ததல்ல என்று அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 250 மில்லியில் 80 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 320. பார்ப்பவர்களில் எத்தனையோ பேர் பள்ளிப் பிள்ளைகள் என்று தெரிந்தும், டின்னை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டுபவர்கள், எச்சரிக்கை அச்சாகியிருக்கும் அந்தப் பக்கத்தை மட்டும் வாசிப்பதே இல்லை. வாசித்தால் பத்து நொடிகூட ஆகாது.