முகத்தைப் பார்த்து யாரும் தீர்ப்பு எழுதவில்லை

காதலனுக்குக் கஷாயத்தில் விஷம் கலந்து கொடுத்துக் கொன்ற பாறசாலை கஷாய வழக்கில் 2025 ஜனவரியில் அந்தப் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்ததிலிருந்து, களியக்காவிளை முதல் மார்த்தாண்டம் வரை எந்த டீக்கடைக்குப் போனாலும் ஒரு மனநல நிபுணராவது உட்கார்ந்திருக்கிறார். "அவளுக்க மொகத்தப் பாத்தாலே எனக்கு அப்பமே தெரியும்" என்கிறார். ஜீப்பிலிருந்து இறங்கும்போது கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லையாம், நடையில் பதற்றமே இல்லையாம், சேனல்காரன் அதை மெதுவாக ஓட்டி பின்னணி இசை வேறு போட்டுக் காட்டினானாம். சரி அண்ணே, அந்த முகத்தை நீங்கள் முதன்முதலில் பார்த்ததே கீழே 'கொலைகாரி' என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தபோதுதானே? அதற்குப் பிறகு அந்தப் பெண் அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பீர்கள், சிரித்திருந்தால் திமிர் என்றிருப்பீர்கள்.

அந்த வழக்கை நிலைநிறுத்தியது முகம் இல்லை. போலீசிடம் ஒப்புக்கொண்டாள் என்பதும் இல்லை, ஏனென்றால் போலீசிடம் சொன்ன ஒப்புதல் நம் நாட்டில் கோர்ட்டுக்குள் நுழையாது. சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டிக் கொடுத்த அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சு செல்லும், அவ்வளவுதான். இன்னும் சொன்னால், மாஜிஸ்ட்ரேட்டிடம் கொடுத்த மரண வாக்குமூலத்தில்கூட அந்தப் பையன் அவள்மேல் பழி சொல்லவில்லை. மனோதத்துவம் பேச விருப்பமுள்ளவர்கள் இதைப் பேசலாம், இதில் விஷயம் இருக்கிறது. உடம்பு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்போதும் ஒருவன் தான் நேசித்தவளைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறான். அவன் சொல்லாததைச் சொன்னது அவளுடைய போன். 2022 அக்டோபர் 14, சம்பவத்தன்று காலையிலேயே, அந்த விஷம் உடலுக்குள் என்ன செய்யும் என்று தேடியது அதில் பதிவாகி இருந்தது. அப்புறம் டாக்டர்களின் சாட்சியம்.

விஷம் என்ன? பாராகுவாட். நம்மூரில் ரப்பரோ வாழையோ வைத்திருப்பவர்களுக்கு 'புல் மருந்து' என்றால் உடனே புரியும். கேரளம் 2011லேயே அதை விற்கத் தடை போட்டது, இந்தப் பக்கம் உரக்கடையில் கேட்டால் கிடைக்கும். எல்லை என்பது செக்போஸ்ட்டில் மட்டும் இருப்பதில்லை, கடை அலமாரியிலும் இருக்கிறது! அதற்கு மாற்று மருந்து கிடையாது. வாயும் நாக்கும் வெந்துபோகும், சிறுநீரகம் கெடும், நுரையீரலில் போய்ச் சேர்ந்து நாள்கணக்கில் மெல்ல மெல்ல அதை இறுக்கிவிடும். அந்தப் பையன் 11ஆம் நாள் போனான். இதில் கொடுமை என்னவென்றால், ஆள் சாகும் நேரத்துக்குள் ரத்தத்தில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் வடிந்துபோயிருக்கும், அதனால் தாமதமாக எடுத்த ரத்தத்தை லேபுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் வெறும் கையோடுதான் திரும்ப வேண்டும். ஆரம்பத்திலேயே சிறுநீரில் டைதயோனைட் என்ற ரசாயனம் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தால் நீலமாக மாறும். பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். ஆனால் இப்படி இருக்கலாமோ என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும், தோன்றுவதற்கு யாராவது "என்ன குடித்தான், எங்கே குடித்தான்" என்று சரியாகக் கேட்டிருக்க வேண்டும். தடய அறிவியலின் பாதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

லேப் முழு மூச்சாக இறங்கினால் என்ன செய்யும் என்பதற்கும் வெகுதூரம் போக வேண்டாம், செங்கோட்டை தாண்டி அந்தப் பக்கம் அஞ்சல் என்ற ஊர் வரை போனால் போதும். தூங்கிக்கொண்டிருந்த மனைவியை 2020இல் நல்லபாம்பை விட்டுக் கொத்த வைத்த வழக்கு. பாம்பு கடித்துச் சாவது நம் பக்கம் அதிசயமா? 'விதி' என்று எழுதி மூடியிருக்கலாம். அரிப்பாவில் உள்ள வனத்துறைப் பயிற்சி நிலையத்தில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, அதன் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, உயிருள்ள நல்லபாம்பை விட்டுப் பார்த்தார்கள். பாம்பு தானாகக் கடித்தால் இரண்டு பல் தடத்துக்கும் இடையே குறைவான தூரம்தான், தலையை அமுக்கிப் பிடித்துக் கடிக்க வைத்தால் இடைவெளி அகலமாகிறது. அந்தப் பெண்ணின் கையில் இருந்த தடங்களின் இடைவெளி 2.3, 2.8 சென்டிமீட்டர். கணவனுக்கு 2021இல் இரட்டை ஆயுள் தண்டனை. கவனியுங்கள், அங்கே அவன் அழுதானா இல்லையா என்று யாரும் அளக்கவில்லை, பல் தடத்தை அளந்தார்கள்.

லேப் சொன்னால் வேதவாக்கு என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவில் லிண்டி சேம்பர்லைன் என்று ஒரு தாய். 1980இல் உளுரு பாறை அருகே கூடாரத்திலிருந்து கைக்குழந்தையை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது என்றார். பெற்ற தாய் இப்படியா கல்லாட்டம் இருப்பாள் என்று ஊரே பேசியது. அதோடு, காரில் குழந்தையின் ரத்தம் இருந்ததாக நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். 1982இல் ஆயுள் தண்டனை. 1986இல் டிங்கோ குகைகள் இருந்த பக்கம் குழந்தையின் சட்டை கிடைத்தது. காரில் இருந்த 'ரத்தம்', சத்தம் வராமலிருக்கக் கம்பெனியே அடித்த பூச்சு. 1988இல் தண்டனை ரத்து, டிங்கோதான் காரணம் என்று அதிகாரபூர்வமாக எழுதியது 2012இல்! முகத்தைப் பார்த்து முன்பே முடிவு செய்துவிட்டால் சோதனைக் குழாயிலும் அதுவேதான் தெரியும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் எவ்வளவு கெட்டி என்று ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் கணக்குப் பார்த்தார்கள். 100க்கு 54. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வரும். நார்கோ (மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் பேச வைப்பது), பிரெயின் மேப்பிங் (மூளை அலைகளைப் பதிவு செய்து பார்ப்பது) எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். கோட்டயத்தில் கன்னியாஸ்திரி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் நார்கோ காட்சிகள் மலையாள சேனல்களில் ஓடி, இங்கேயும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஆளின் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனைகளைச் செய்யக்கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் 2020இல் விசாரணை நீதிமன்றம் பெரிதாக நம்பியது, கொலை நடந்த ராத்திரி அங்கே இடிதாங்கிச் செம்பைத் திருட வந்த ஒருவரின் சாட்சியத்தை. (அந்தத் தண்டனையை 2022இல் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, அது தனிக் கதை.)

மனோதத்துவம் உண்மையிலேயே தேவைப்படுவது சாட்சியிடம் பேசும்போது. என் சித்தியின் சங்கிலியைப் பைக்கில் வந்து பறித்தபோது முதலில் அவர் சொன்னது, "ஹெல்மெட் போட்டிருந்தான், வேற ஒண்ணும் பாக்கல்லடே." பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து "சிவப்பு பல்சரா அக்கா? ரெண்டு பேரா?" என்று கேட்கக் கேட்க, சாயங்காலம் புகார் எழுதும்போது அது சிவப்பு பல்சர், இரண்டு பேர், பின்னால் இருந்தவனுக்குத் தாடி. நான்தான் எழுதினேன், சித்தி சத்தியம் செய்யாத குறை. கடைவீதி கேமராவில் பார்த்தால் கறுப்பு ஸ்கூட்டர், ஒற்றை ஆள். சித்தி பொய் சொல்லவில்லை, கேட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு ஞாபகத்தை உண்டாக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் எழுதி வாங்கியவரும் இதே மாதிரிதான் கேட்டார். கேள்வி கேட்பதற்கு முறையான பயிற்சி வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான்.

இனி நம் எல்லைச் சங்கதி. கஷாயம் குடித்த வீடு ராமவர்மன்சிறையில், தமிழ்நாடு. பையன் பாறசாலைக்காரன், உயிர் போனது திருவனந்தபுரத்தில். செயல் ஓரிடம், விளைவு வேறிடம் என்றால் இரண்டில் எங்கு வேண்டுமானாலும் வழக்கு நடத்தலாம் என்று சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எந்தப் போலீஸ் விசாரிப்பது என்று இழுபறி நடந்ததும், சீல் வைத்த வீட்டின் பூட்டு உடைந்து கிடந்ததாகச் செய்தி வந்ததும் நினைவிருக்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். மாநிலங்களுக்கு 5 ஆண்டு வரை அவகாசம். அதுவரை வசதி இல்லாத இடத்தில் பக்கத்து மாநில வசதியைப் பயன்படுத்திக்கொள்ளவும் அதிலேயே வழி இருக்கிறது. எல்லையோரப் பளுகல்காரனுக்குத் திருநெல்வேலி லேபைவிடத் திருவனந்தபுரம் லேப் எவ்வளவோ பக்கம். ரோட்டுக்கும் பாலத்துக்கும் மனு கொண்டு போகிறவர்கள் அடுத்த முறை எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது, இதற்கு இரண்டு அரசும் பேசி ஓர் ஏற்பாடு செய்யுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.