இரண்டு கேஷ்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. பின்னால் தஞ்சைப் பெரிய கோயில், அதன் மேல் கொட்டை எழுத்தில் இப்படி: ‘காசு என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது. தமிழனாக இருந்தால் பகிரவும்.’ அனுப்பியவன் என் அக்கா மகன். ஐந்து நிமிடத்தில் கைகூப்பு, தீச்சுடர், சிங்கம் என்று பொம்மைகள் குவிந்தன. நான் மட்டும் ‘இது பாதிதான் சரி, மருமகனே’ என்று போட்டேன்.

‘மாமா, முப்பது வருஷம் கேஷ் கவுண்டர்ல உக்காந்து காசு எண்ணினவங்க நீங்க. நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?’

நியாயமான கேள்வி. முப்பது வருடமும் என் தலைக்கு மேல் தொங்கிய பலகையில் மேலே கேஷியர், கீழே காசாளர் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் யாருக்கும் இரண்டும் ஒரே சொல் என்றுதான் தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. குழுவில் விளக்கப் போனால் அக்கா கோபித்துக்கொள்வாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்று நாம் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறோமே, அந்த கேஷ் ஒரு பெட்டி. லத்தீனில் கப்ஸா என்றால் பெட்டி. ரோமர்கள் சுருட்டிய ஏடுகளைப் போட்டு வைத்த உருளைப் பெட்டிக்கும் அதுதான் பெயர். அது இத்தாலியனில் காஸ்ஸா ஆனது, பிரெஞ்சில் கெஸ் ஆனது. வட்டிக்கடையும் வணிகமும் இத்தாலியர் கையில் கொழித்த காலத்தில் காஸ்ஸா என்றாலே வணிகனின் பணப்பெட்டிதான். 1598இல் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, காஸ்ஸாவுக்குப் பொருள் சொல்லும்போது வணிகரின் கேஷ் என்று எழுதுகிறது. அங்கே கேஷ் என்பது பெட்டி. அதே காலத்திலேயே பெட்டிக்குள் இருக்கும் பணத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். போகப் போகப் பெட்டி மறந்து போய்ப் பணம் மட்டும் தங்கியது.

பெட்டி எப்படிப் பணமாகும் என்று கேட்பவர்கள் நம் ஊர் மளிகைக்கடைக்குப் போய் நில்லுங்கள். கல்லா என்றால் பணப்பெட்டி. ‘முதலாளி கல்லாவில் இருக்கிறார்’ என்றால் அது ஓர் இடம். ‘படம் நல்லா கல்லா கட்டிடுச்சு’ என்றால் அது பணம். பெட்டி, இருக்கை, வரும்படி எல்லாம் ஒரே சொல்லில். அரசியலுக்குப் போனால் இன்னும் சுருக்கம். ‘பெட்டி கைமாறிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால் அது தகரப் பெட்டியா, தோல் பெட்டியா என்று யாராவது கேட்கிறோமா? இத்தாலியனும் ஆங்கிலேயனும் செய்தது அதைத்தான்.

ஆகவே அந்தப் பலகையில் இருந்த கேஷியர் பெட்டிக்காரர், காசாளர் நாணயக்காரர். கேஷுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் யார் என்றால் பொருளைப் போட்டு வைக்கும் கேஸ், மருந்துக் கேப்ஸ்யூல், நாம் பாட்டுக் கேட்ட கேஸட். எல்லாம் அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளைகள். (பட்டாளத்தில் அதிகாரியை அவமானப்படுத்தி வெளியேற்றுவதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதற்கு வேர் வேறு. இது தெரிந்த நாளிலிருந்து என் பதவிப் பெயரைக் கேட்டால் லேசாக ஒரு பயம் வந்தது.)

சரி, அப்போது நம் காசு?

காசு பழைய சொல். பள்ளிக்கூடத்தில் வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று மனப்பாடம் செய்தோமே, அங்கேயே இருக்கிறது. கொன்றை மொட்டுக்குக் காசை உவமையாகச் சொன்ன பாட்டு குறுந்தொகையில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது திருவீழிமிழலைக் கதை. பஞ்ச காலத்தில் சிவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒரு பொற்காசு வைத்தாராம். சம்பந்தருக்கு வந்த காசைக் கடைக்காரர்கள் முழு மதிப்புக்கு எடுக்கவில்லை, வட்டம் பிடித்தார்கள். உடனே ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடிவிட்டார். வாசி என்பது அந்த வட்டம், நாணய மாற்றுக் கழிவு. ஆண்டவனிடமே ‘இந்த நோட்டை மாற்றிக் கொடுங்கள்’ என்று கேட்ட முதல் வாடிக்கையாளர் அவராகத்தான் இருக்க வேண்டும். கிழிந்த நோட்டோடு வந்தவர்களை எத்தனை தரம் முறைத்திருப்பேன், அப்போது இது நினைவுக்கு வந்திருக்கலாம்.

மருமகன் அனுப்பிய படத்தில் இருந்த பெரிய கோயில் சுவரிலேயே ராஜராஜன் காலத்துக் காசுக் கணக்கு வெட்டியிருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. இப்போது எந்த வங்கியும் வைப்புத்தொகைக்கு இதைத் தராது.

இந்தக் காசு கடல் தாண்டிப் போனதும் உண்மை. ஆனால் போன வழி வேறு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் நம் கரைகளில் இறங்கினார்கள். இங்கே சில்லறை நாணயத்துக்குக் காசு என்று பெயர். அதை அவர்கள் காய்ஷா என்று எழுதிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுக்கீசிய மொழியில் காய்ஷா என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி! அதே லத்தீன் கப்ஸாவின் இன்னொரு பிள்ளை. நம் காசு போர்ச்சுக்கீசியன் வாயில் நுழைந்தபோது அங்கே தொங்கிக்கொண்டிருந்த பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிறகு ஆங்கிலேயன் கைக்குப் போனபோதும் அதேதான். அவனிடம் கேஷ் என்று ஒரு சட்டை தயாராக இருந்தது. இரண்டு தரம் சட்டை மாற்றியும் இரண்டு தரமும் அதே வீட்டுச் சட்டை. நாம் ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை.

1511இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுக்கீசியர் அந்தப் பக்கத்துச் சில்லறை நாணயங்களையும் காய்ஷா என்றே அழைத்தார்கள். சீனாவின் நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்ட நாணயம் இருக்கிறதே, கயிற்றில் கோத்து வைப்பார்களே, அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சீனர்கள் அதை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் இன்றுவரை ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கேஷ். உலகில் எந்த நாணயச் சேகரிப்பாளரிடம் போய் ‘சைனீஸ் கேஷ்’ என்று கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். அந்த கேஷ் நம்முடையது. பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் என்ற சொல் தனித்தனித் தலைப்புகளில் இருக்கும். முதலாவது பெட்டி, இரண்டாவது நம் காசு. ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியே இந்த நாணயப் பெயருக்குத் தமிழ்க் காசைக் காட்டியிருக்கிறது. அதை எழுதிய இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

மதராஸில் கிழக்கிந்தியக் கும்பெனியும் இந்தப் பெயரில்தான் கணக்கு வைத்தது. 80 காசு ஒரு பணம் (அன்று அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான். பெருக்கிப் பாருங்கள், வராகனுக்கு 3,360 காசு. அந்தக் காலத்துக் காசாளரின் இடுப்பை நினைத்துப் பரிதாபப்பட்டேன். அந்தச் செப்புக் காசுகள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் மதராஸுக்காகச் சுமார் 48 டன் காசை ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையையே தாண்டாமல் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அவற்றை லட்சக்கணக்கில் அள்ளினார்கள். அவற்றில் இருபது காசு நாணயத்தில் ஆங்கிலத்தில் கேஷ் என்று இருக்கும். பாரசீக எழுத்தில் ‘இருபது காஸ் நான்கு ஃபலூஸ்’ என்று இருக்கும் (ஃபலூஸும் ஒரு செப்பு நாணயம்). பாரசீகம் எழுதியவன் சட்டை மாற்றாமல் காஸ் என்றே விட்டுவிட்டான், பாருங்கள்.

இவ்வளவு இருக்கும்போது நமக்கு ஏன் அடுத்தவன் பெட்டி? ‘ஒலி ஒன்றாக இருக்கிறதே, பொருளும் ஒன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன’ என்பது மருமகன் கட்சி. பாரசீகத்தில் பத் என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் பேட் என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் உறவில்லை. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழியில் நாய்க்கு டாக் என்றே பெயர். அதுவும் தற்செயல்தான். எட்டுதான் எய்ட் ஆனது என்றும் அடிக்கடி ஒரு படம் வரும். ஜெர்மனில் ஆக்ட், லத்தீனில் ஆக்டோ என்று பின்னால் போனால் எட்டை விட்டு விலகித்தான் போகிறது. ஒரு சொல் எப்போது, யார் வழியாக, எந்த ஊரில் இறங்கிப் போனது என்று காட்ட முடிந்தால்தான் அது உறவு. இல்லாவிட்டால் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் நம் சித்தப்பா மாதிரி இருக்கிறார் என்பது போலத்தான்.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் காட்ட முடிந்த உறவுகள். ஆங்கிலேயனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம். அந்தப் பத்திரங்களோடு பத்துப் போலிப் பத்திரங்களைச் சேர்த்துக் கட்டினால், பார்ப்பவன் மொத்தக் கட்டையும் தூக்கிப் போடுவான். கள்ளநோட்டு ஒன்று இருந்தால் கட்டு முழுவதையும் பிரித்து எண்ணுவது எங்கள் தொழில் வழக்கம்.

இன்னொன்று. இந்த கேஷுக்கு நாம் செல்லானில் எழுதிய தமிழ் ரொக்கம். ரகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று இலக்கணம் சொல்கிறது. வடக்கேயிருந்து வந்த சொல் அது, யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. நானும் முப்பது வருடம் ரொக்கம் என்று எழுதிச் சம்பளம் வாங்கினேன்.

நாகர்கோவில் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு இருந்தது. என் ஆச்சி கடைசிவரை பணத்தைச் சக்கரம் என்றுதான் சொன்னாள். அந்த ஒரு காசுச் செப்பு நாணயம் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது, வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். மருமகனுக்குக் காட்ட வேண்டும்.