காத்திருக்க முடிந்தவர்கள்

சில மாதங்களுக்கு முன்பு, ஒரு வேலைக்கான நேர்காணல் குழுவில் நானும் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். அடுத்தடுத்து வந்த இருவரின் தன்விவரக் குறிப்பிலும் படிப்பு முடிந்த பிறகு ஓர் இடைவெளி தெரிந்தது. முதலாமவர் ஓராண்டு பல நாடுகளைச் சுற்றி வந்ததாகச் சொன்னார். என் தாளில் 'பரந்த அனுபவம்' என்று குறித்துக்கொண்டேன். அடுத்தவர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொண்டே கிடைத்த கூலி வேலைகளைச் செய்துவந்ததாகச் சொன்னார்; அதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் பார்வை மேசையின் விளிம்பை விட்டு எழவில்லை. அவர் பெயருக்கு எதிரே 'தொடர்ச்சி இல்லை' என்று எழுதினேன். தாள்களை அடுக்கி உறையில் போடும்போதுதான், அடுத்தடுத்து இருந்த அந்த இரண்டு குறிப்புகளும் என் கையெழுத்தில் இருப்பது உறைத்தது.

வர்க்கம் என்றதும் மாதச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடப் பழகிவிட்டோம். ஒரு மனிதர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதைவிட, எவ்வளவு காலம் சம்பாதிக்காமல் இருக்க முடியும் என்பதே அவருடைய வர்க்கத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம். பிடிக்காத வேலையை உதறவும், நல்ல வாய்ப்பு வரும்வரை பொறுத்திருக்கவும், தொழில் தொடங்கித் தோற்று மறுபடி தொடங்கவும் ஒருவரால் முடிகிறதென்றால், அவருக்குப் பின்னால் அவரோ அவர் பெற்றோரோ சேர்த்து வைத்த சொத்து நிற்கிறது.

2022ஆம் ஆண்டுக்கான உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின் இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். உலக மக்களில் கீழ்ப்பாதியினருக்கு மொத்த வருமானத்தில் 8.5 விழுக்காடு கிடைக்கிறது. மொத்தச் சொத்தில் அவர்கள் கையில் இருப்பதோ 2 விழுக்காடுதான். மேலே உள்ள பத்து விழுக்காட்டினருக்கு வருமானத்தில் 52, சொத்தில் 76. கீழே உள்ளவர் ஈட்டுவது வந்த கையோடு வாடகைக்கும் மருந்துக்கும் வட்டிக்கும் போய்விடுகிறது. மேலே உள்ளவருக்கு மிஞ்சுவது சொத்தாகி, அந்தச் சொத்து மறுபடி வருமானமாகிறது. கடனிலும் இதே கதைதான். பெரும் பங்குதாரர் ஒருவர் தம் பங்குகளை விற்காமல், அவற்றை அடகாகக் காட்டிக் குறைந்த வட்டிக்குப் பணம் பெறுகிறார். விற்கவில்லை என்பதால் பல நாடுகளில் அந்தப் பங்குகளின் மதிப்பு உயர்வுக்கு அவர் வரி கட்ட வேண்டியதும் இல்லை. அடகு வைக்க ஒன்றும் இல்லாதவரிடம், இல்லை என்பதற்காகவே கூடுதல் வட்டி வாங்கப்படுகிறது.

இதை இயற்கை நியதி என்று சொல்பவர்கள் சற்றே பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1950களின் பெரும்பகுதியில் வருமான வரியின் உச்ச விகிதம் 91 விழுக்காடு. 1988இல் அது 28 விழுக்காடு. (91ஐ முழுதாகக் கட்டியவர்கள் மிகச் சிலரே, சட்டத்தின் ஓட்டைகள் அன்றும் இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) இடைப்பட்ட காலத்தில் தொழிற்சங்கங்களும் மெலிந்தன. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் மைய வங்கிகள் வட்டியைப் பூச்சியத்துக்கு அருகே இறக்கியபோது பங்குகளும் வீடுகளும் விலை ஏறின. வைத்திருந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே செழித்தார்கள், வாங்க நினைத்தவர்களுக்கு வீடு இன்னும் எட்டாத உயரத்துக்குப் போனது. இவை எல்லாமே மனிதர்கள் கூடி எடுத்த முடிவுகள்.

உலகளவில் கொடிய வறுமை 1990க்குப் பின் வெகுவாகக் குறைந்திருக்கிறதே என்று கேட்பார்கள். குறைந்திருக்கிறது, சீனாவும் இந்தியாவும் வளர்ந்ததால் நாடுகளுக்கு இடையிலான இடைவெளியும் சுருங்கியிருக்கிறது. அதைச் சிறிய செய்தியாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் பெரும்பாலான நாடுகளுக்குள்ளே இடைவெளி அகன்றது. பசி தீர்ந்தவர் அடுத்ததாகக் கேட்பது தம் பிள்ளைக்கான வாய்ப்பைத்தான், அங்கேதான் கதவு இறுகுகிறது. ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் பெற்றோரின் வருமானமே பிள்ளைகளின் வருமானத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதைக் கனடியப் பொருளியலாளர் மைல்ஸ் கோராக்கின் நாடுவாரி ஒப்பீடுகள் காட்டியுள்ளன.

இத்தனைக்கும் மேலே 'தகுதி' என்ற சொல்லைப் போர்த்திவிடுகிறோம். தகுதியுடையோர் ஆட்சி என்ற கருத்துக்கான ஆங்கிலச் சொல்லை 1958இல் பரவலாக்கிய பிரித்தானியச் சமூகவியலாளர் மைக்கேல் யங், அதைக் கேலியாகவே எழுதினார். உலகம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. பரம்பரைச் செல்வந்தருக்காவது தாம் பிறப்பால் பெற்றோம் என்ற நினைவு ஓரத்தில் இருந்திருக்கும். தகுதியால் வந்தோம் என்று நம்புகிறவருக்கு அந்த உறுத்தலும் இல்லை. தோற்றவருக்கோ தோல்வியோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது. தாயைப் பார்த்துக்கொண்ட அந்த இளைஞர் மேசை விளிம்பைப் பார்த்ததற்கும், நான் அப்படி எழுதியதற்கும் காரணம் அந்த ஒரே நம்பிக்கைதான்.

தாள்களை ஒப்படைக்கும் முன் அந்தக் குறிப்பை அடித்துவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். முடிவு மாறவில்லை, குழுவில் இருந்த மற்ற இருவரின் தாள்களிலும் ஏறக்குறைய நான் அடித்துவிட்ட அந்தக் குறிப்பே இருந்தது. அடுத்த நேர்காணலில் இடைவெளியைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கேட்டார்.